நம்மட அம்மன்மாருக்கு வீட்டில யோகா செய்து கும்பிடுறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

அம்மன உடம்பால கும்பிடுறது எப்பிடியெண்டு மட்டக்களப்பு ஆக்களுக்கு யாரும் வெளியில இருந்து வந்து சொல்லித்தரத் தேவையில்ல. தீ மிதிக்கிறம், கற்பூரச்சட்டி தூக்குறம், வெயில் மணல்ல அடி அழிக்கிறம், அங்கப்பிரதட்சணம் பண்ணுறம், பிள்ளையாருக்கு முன்னால தோப்புக்கரணம் போடுறம், இதெல்லாம் உடம்ப வச்சுச் செய்யிற கும்பிடுதானே. ஆனா யோகா எண்டு ஒரு சொல்லு வந்த உடன அது என்னமோ வேற சாமான், பாசிக்குடாவில வெள்ளைக்காரர் மேட் விரிச்சு செய்யிறது, இல்லாட்டி பிரசர் குறையோணும் எண்டு டொக்டர் சொல்லி செய்யிறது எண்டு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. ரெண்டையும் சேத்து, வீட்டு சாமியறையில, ஒரு முக்கால் மணித்தியாலத்துக்குள்ள, கண்ணகைக்கும் காளிக்கும் நவராத்திரி மூண்டு தேவியருக்கும் எப்பிடிச் செய்யிறது எண்டுதான் இதில எழுதுறன்.

ஒரு விசயத்த முதல்லயே சொல்லிடுறன், மிச்சம் எல்லாம் இதுக்குள்ளதான் வரும். தேவி யோகா எண்டு போன்ல தேடிப் பாருங்க, வாற வீடியோ முக்காவாசி சூடு ஏத்துற சாமான். உள்ளுக்க நெருப்ப மூட்டு, சக்திய எழுப்பு, கத்து, ஆடு, அதோட முடிஞ்சிடும். நம்மட ஊர் வழிபாடு அப்பிடி முடியிறதில்ல. வைகாசி மாசம் கண்ணகை அம்மன் கோயில்ல கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி கதையச் சொல்ற வழக்குரை பாடி, எல்லாத்துக்கும் கடைசியில வாறது திருக்குளிர்த்தி. சிலப்பதிகாரத்தில மதுரைய எரிச்ச கண்ணகி வைகைக் கரையால மேற்க நடந்து மலைநாட்டுக்குப் போறா. நம்மட பக்கத்துக் கதையில அவ இடைச்சேரிக்கு வாறா, அங்க ஆய்ச்சியர் வெண்ணெயும் தயிரும் பூசி அவட சூட்ட ஆத்துறாங்க. அந்த ஆத்துறதத்தான் வருசா வருசம் குளிர்த்தியா நடத்துறம். கோவிச்ச அம்மன கோவத்தோட விட்டிட்டு சனம் வீட்ட போறதில்ல. அதால எந்த அம்மனுக்கு எந்த ஆசனம் செய்தாலும் கடைசிப் பத்து நிமிசம் குளிர்த்திக்கு. நேரம் இல்லாட்டி நடுவில உள்ளதக் குறைங்க, கடைசியில உள்ளதக் குறைக்காதீங்க.

தொடங்க முதல்

நேரம் எண்டா விடியச் சாமம் நல்லம், அஞ்சு அஞ்சரைக்கு, வயிறும் காலியா இருக்கும் வெக்கையும் இருக்காது. அது ஏலாட்டி மம்மல் நேரம், விளக்கு வைக்கிற நேரத்தோட சேத்துச் செய்யலாம், ஆனா அந்த நேரம் நுளம்பு விடாது, கண்ண மூடி இருக்கிற ஆளுக்கு நுளம்பு கடிக்கிறது எவ்வளவு பெரிய சோதனையெண்டு இருந்து பாத்த ஆக்களுக்குத்தான் தெரியும். செய்யத் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முதல் சாம்பிராணியோட கொஞ்சம் காஞ்ச வேப்பிலையும் போட்டு அறைக்குள்ள புகை காட்டி, மறுகா ஜன்னலத் திறந்து புகைய வெளியில விட்டிடுங்க. புகைக்குள்ள இருந்து மூச்சுப் பயிற்சி செய்யக் கூடாது. சாப்பிட்டு மூண்டு மணித்தியாலமாவது போயிருக்கோணும்.

மச்சம் சாப்பிடலாமா எண்டுதான் முதல் கேள்வியா வரும். வாவியும் கடலும் ரெண்டு பக்கமும் இருக்கிற ஊர்ல இத வருசம் முழுக்க விடச் சொன்னா நடக்கிற காரியமா? காப்புக் கட்டின நாள்ல, நவராத்திரியில, குளிர்த்திக் கிழமையில விடுங்க. மற்ற நாள்ல செய்யிற அண்டைக்கு முதல் வேளை மட்டும் விட்டாப் போதும்.

நிலம் முக்கியம். சீமெந்து நிலத்தில பன்பாய் விரிச்சு அதுமேல கால அகட்டி நிண்டா பாய் வழுக்கும், வேர்வையும் சேந்தா கேக்கவே தேவையில்ல, இடுப்பு எலும்பு போயிடும். நிக்கிற ஆசனம் எல்லாம் வெறும் நிலத்தில வெறும் காலோட, இருக்கிறதும் படுக்கிறதும் பாயில. யோகா மேட் இருந்தா நல்லம், இல்லையெண்டு வாங்க ஓடத் தேவையில்ல. இறுக்கமான உடுப்பு வேண்டாம், சாரி கட்டிக்கொண்டு செய்ய ஏலாது, சல்வார் சரி.

மடை சிம்பிளா வையுங்க. ஒரு விளக்கு, ஒரு செம்புத் தண்ணி, அதுக்குள்ள ஒரு கொத்து வேப்பிலை, கிடைச்ச பூ. இந்தத் தண்ணிச் செம்பு கடைசியில குளிர்த்திக்கு வேணும், மறந்திடாதீங்க. விளக்க நீங்க கை நீட்டுற தூரத்துக்கு வெளிய வையுங்க, கை விரிக்கிற ஆசனம் இருக்கு, துணி நெருப்புப் பிடிச்சா அது அம்மன் செயல் இல்ல நம்மட கவனக்குறைவு.

முதல் பத்து நிமிசம்

எந்த அம்மனுக்கு முன்னாலயும் பிள்ளையார். நெத்தியில மூண்டு குட்டு, காதப் பிடிச்சு மூண்டு தோப்புக்கரணம், ஆறுதலா. இடக் கை வலக் காதில, வலக் கை இடக் காதில, இறங்கைக்குள்ள மூச்ச விடுங்க, எழும்பைக்குள்ள எடுங்க. முழங்கால் நோ உள்ள ஆக்கள் கதிரை விளிம்பில தொட்டிட்டு எழும்பலாம். இதுதான் உங்கட வார்ம் அப், வேற ஒண்டும் தேவையில்ல.

மறுகா சப்பாணி கொட்டி நிமிந்து இருந்து, கைகூப்பி, எதுக்காகச் செய்யிறன் எண்டு ஒரு வசனத்தில மனசுக்குள்ள சொல்லுங்க. சங்கல்பம் எண்டுறது இதுதான், நேத்தி வைக்கிற மாதிரியேதான், ஆனா ஒரு வித்தியாசம், இதில அம்மனோட பேரம் பேசக் கூடாது. மகளுக்கு விசா கிடைச்சா ஒம்பது நாள் செய்யிறன் எண்டு வைக்கிறத நான் பிழையெண்டு சொல்லல்ல, அது கோயில்ல நேத்தியா வையுங்க, இதுக்குள்ள கொண்டு வராதீங்க, ஏனெண்டா கண்ண மூடின உடன மனசு விசா ஒஃபிசுக்குப் போயிடும்.

அடுத்தது நாடிசுத்தி. வலக் கைப் பெருவிரலால வல மூக்க அடைச்சு இட மூக்கால மூச்ச எடுத்து, மோதிர விரலால இட மூக்க அடைச்சு வல மூக்கால விட்டு, அதே வல மூக்கால எடுத்து இடத்தால விடுறது, இது ஒரு சுத்து. அப்பிடி ஒம்பது சுத்து. எடுக்கிற நேரத்த விட விடுற நேரம் கொஞ்சம் கூட இருக்கட்டும். மூச்ச உள்ளுக்க பிடிச்சு வைக்கிற வேலை இப்ப வேண்டாம், அது பக்கத்தில இருந்து பாக்கிற ஆசான் இல்லாம செய்யிற சாமான் இல்ல. திருமந்திரத்தில மூண்டாம் தந்திரம் அட்டாங்க யோகம், நாலாம் தந்திரம் சக்தியும் சக்கரங்களும், திருமூலரே அந்த வரிசையிலதான் வச்சிருக்கிறார், நாம நாலுக்கு நேராப் பாயத் தேவையில்ல.

மந்திரம் பத்தி ஒரு வார்த்தை. க்ரீம், ஹ்ரீம், ஸ்ரீம் எண்டு பீஜ மந்திரங்கள போன்ல ஓட விட்டு கூடச் சேந்து சொல்லுறாங்க, தீட்சை இல்லாம அது தேவையில்ல எண்டுதான் நான் சொல்லுவன். அம்மா, தாயே எண்டு கூப்பிட்டா போதும், இல்லாட்டி தெரிஞ்ச பாட்டு ஒண்டு. பாட்டில இன்னொரு வசதியும் இருக்கு. ஆசனத்தில எவ்வளவு நேரம் நிக்கிறது எண்டு போன்ல டைமர் வச்சா அந்தச் சத்தம் வந்து எல்லாத்தையும் கெடுத்துப் போடும், அதுக்குப் பதிலா அபிராமி அந்தாதியில ஒரு பாட்ட ஆறுதலா மனசுக்குள்ள சொல்லுங்க, நாலு வரி முடிய இருபது இருபத்தஞ்சு செக்கன் போகும், ஒரு ஆசனத்துக்கு அளவான நேரம் அது. மொத்தம் 100 பாட்டு இருக்கு, நாளுக்கு ஒண்டு ரெண்டு பாடமாக்கினாலும் வருசத்துக்குள்ள முடிஞ்சிடும். பாட்டுச் சொல்லைக்குள்ள மூச்சு முட்டுதெண்டா நீங்க ஆசனத்த அளவுக்கு மிஞ்சிச் செய்யிறீங்க எண்டு அர்த்தம், உடன விடுங்க.

பத்திரகாளிக்கும் துர்க்கைக்கும்

புன்னைச்சோலை, பெரியபோரதீவு எண்டு காளி கோயில் உள்ள பக்கத்து ஆக்களுக்கு இந்த அம்மனப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. தக்கன் யாகத்தில தாட்சாயணி நெருப்பில விழுந்த பிறகு சிவன் சடையில இருந்து வீரபத்திரர் வாறார், கூடவே பத்திரகாளி போறா, யாகம் அழியுது. வீரபத்ராசனம் எண்டு யோகா கிளாசில சொல்லித்தாற ஆசனத்துக்கு அந்த வீரபத்திரர்ட பேர்தான்.

முதல்ல உத்கட கோணாசனம், வெளிநாட்டு கிளாசுகள்ல இதத்தான் தேவி ஆசனம் எண்டு சொல்றாங்க. கால மூண்டடி அகட்டி நில்லுங்க, பாதம் ரெண்டும் வெளிப்பக்கம் பாக்கட்டும், முழங்கால மடக்கி இறங்குங்க, முழங்கால் பாதம் பாக்கிற பக்கமே போகோணும், உள்ளுக்க சரிஞ்சா முழங்கால் கெட்டுப் போகும். நாரி நிமிந்திருக்கட்டும், குண்டிய பின்னால தள்ளாதீங்க. கைய தோள் உயரத்துக்கு விரிச்சு முழங்கைய மடக்கி உள்ளங்கைய முன்னால காட்டுங்க. தொடை நடுங்கத் தொடங்கும், ஒரு பாட்டு முடியட்டும், எழும்புங்க, மூண்டு தரம். வடமோடிக் கூத்து ஆடிப் பழகின ஆக்களுக்கு இது விளையாட்டு, களரியில விடிய விடிய நிண்ட தொடை அது, மற்ற ஆக்கள் பாதி இறங்கினாப் போதும்.

அடுத்தது வீரபத்ராசனம், ரெண்டாவது வகை. கால் நாலடி, வல பாதம் வெளிய திரும்பி, வல முழங்கால் மடிஞ்சு, கை ரெண்டும் பக்கவாட்டில நேரா, பார்வை வல கை விரல்ல. மறுகா இடப் பக்கம். இதில பார்வைய அலைய விடாம வச்சிருக்கிறதுதான் கும்பிடு, கால் மடிஞ்ச ஆழம் இல்ல.

கடைசியில சிம்மாசனம். துர்க்கைட வாகனம் சிங்கம், அந்த ஆசனம் ஹடயோக பிரதீபிகை எண்ட பழைய யோகா நூல்ல சித்தாசனம், பத்மாசனம், பத்ராசனம் எண்டு சொல்ற முக்கியமான நாலுக்குள்ள ஒண்டு. முழங்கால மடிச்சு குதிக்கால்ல இருந்து, உள்ளங்கைய முழங்கால்ல அழுத்தி விரல விரிச்சு, மூக்கால மூச்ச நிறைய எடுத்து, வாயத் திறந்து நாக்க நாடி வரைக்கும் நீட்டி ஹா எண்டு மூச்ச விடுங்க, கண் மேல நோக்கட்டும். காளி படத்தில உள்ள அந்த நாக்குத்தான். மூண்டு தரம் போதும். விடியச் சாமத்தில சத்தம் போட்டா பக்கத்து வளவு நாய் எல்லாம் சேந்து குரைக்கும், சத்தம் தொண்டைக்குள்ளயே இருக்கட்டும்.

இந்த இடத்தில ஒண்டு. காளிக்கு எண்டு செய்யைக்குள்ள சில பேருக்கு உடம்பு நடுங்கும், அழுகை வரும், கோயில்ல உடுக்குச் சத்தம் கேட்டா தெய்வம் ஆடுற ஆக்களுக்கு இது கெதியா வரும். வந்தா ஆசனத்த விட்டு நிலத்தில இருந்து, ரெண்டு உள்ளங்கையையும் தரையில வச்சு, கண்ணத் திறந்து விளக்கப் பாருங்க. தெய்வம் ஆடுறதுக்கு கோயில் இருக்கு, பூசாரி இருக்கிறார், கட்டுறதுக்கும் இறக்குறதுக்கும் முறை தெரிஞ்ச ஆக்கள் சுத்தி நிப்பாங்க. வீட்டு அறைக்குள்ள தனியக் கதவப் பூட்டிக்கொண்டு அத வரவழைக்கிற முயற்சி வேண்டவே வேண்டாம்.

கண்ணகைக்கு

இவவுக்கு எண்டு ஆசனப் புத்தகத்தில ஒண்டும் இல்ல. நான் இஞ்ச சொல்றது கதையப் பாத்து வச்ச வரிசை, பரம்பரையா வந்தது எண்டு யாருக்கும் சொல்லிப் போடாதீங்க.

சபையில நிண்ட பெண் அவ. அதால முதல்ல தாடாசனம், சும்மா நிக்கிறதுதான், ஆனா நிண்டு பாருங்க. ரெண்டு பாதத்திலயும் பாரம் சரியா இருக்கோணும், முழங்கால் பூட்டுப்படாம, வயிறு கொஞ்சம் உள்ளுக்க, தோள் பின்னால விழுந்து, நாடி நேரா. மூண்டு மூச்சுக்குப் பிறகு வல கைய மேல தூக்குங்க, விரல மடக்கி ஒரு சிலம்பப் பிடிச்சிருக்கிற மாதிரி, இட கை தொடையோட. கை நோகத் தொடங்கும், தோள் காதுக்கு ஏறும், தோள மட்டும் இறக்கிக் கைய இறக்காம நிக்கோணும். இந்த இடத்தில பாட்டு வேண்டாம். உங்களுக்கு நடந்த ஒரு அநியாயம், இல்லாட்டி கேக்க வேண்டிய ஒரு நியாயம், அத வாய் திறக்காம கேளுங்க. நம்மட பக்கத்தில கேக்க இடமில்லாத வழக்கு எத்தினையோ வீட்டுக்குள்ள கிடக்கு, அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், எழுதி விளங்கப்படுத்தத் தேவையில்ல. அழுகை வந்தா வரட்டும், கைய இறக்கிட்டு அழுங்க.

மறுகா விருட்சாசனம். மதுரைய விட்டுப் போனவ மலைநாட்டில ஒரு வேங்கை மரத்துக்குக் கீழ வந்து நிண்டா. ஒரு கால ஊண்டி மற்றப் பாதத்த உள்தொடையில வச்சு, ஏலாட்டி கெண்டைக்கால்ல வச்சு, முழங்கால் மூட்டில மட்டும் வைக்காம, கைகூப்பி நில்லுங்க. விழப் போனா சுவரப் பிடியுங்க. வயசான ஆக்கள் சுவரோட நிண்டே தொடங்கலாம். இடம் வலம் ரெண்டும்.

அதுக்குப் பிறகு பஞ்சாங்க நமஸ்காரம், கோயில்ல பொம்புளைகள் விழுந்து கும்பிடுறமே அதுதான், தலை ஒண்டு, கை ரெண்டு, முழங்கால் ரெண்டு நிலத்தில. ஆம்புளைகளுக்கு அட்டாங்கம். கோயில்ல நாம விழுந்த உடன எழும்பிடுறம், பின்னால நிக்கிற ஆக்கள் இடம் பாத்துக்கொண்டு நிப்பாங்க. வீட்டில அவசரம் இல்ல, நெத்தி நிலத்தில பட்டபடி பத்து மூச்சு இருங்க. குதிக்காலுக்கு மேல குண்டி படுற மாதிரி இருந்தா அதேதான் பாலாசனம், முதுகு நீளும், நாரிக்கு நல்லம்.

சிங்கள ஆக்கள் பத்தினி தெய்யோ எண்டு கும்பிடுறதும் இவவத்தான், சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்த நேரம் இலங்கைக் கயவாகு மன்னனும் அங்க இருந்தார் எண்டு சிலப்பதிகாரம் சொல்லுது. காரைதீவு கண்ணகை அம்மன் கோயில் பெயர்போனது, அதே ஊர்ல 1892ல பிறந்த விபுலானந்த அடிகள்தான் விவேகானந்தர்ட கர்மயோகத்தையும் ஞானயோகத்தையும் தமிழுக்குக் கொண்டு வந்தவர், அம்மனும் யோகமும் ஒரே மண்ணில கிடக்கிறதுக்கு வேற சாட்சி வேணுமா?

லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும்

லட்சுமிக்குக் கனக்கத் தேவையில்ல. கும்பத்துக்குக் கீழ ஒரு பிடி நெல்லு பரப்புங்க, நவராத்திரி முடிய பெரும்போக விதைப்புக்கு ஆயத்தம் நடக்கிற ஊர் இது. பத்மாசனம் ஏலுமெண்டா அதில, ஏலாட்டி சப்பாணியில இருந்து, உள்ளங்கை அடிய ஒட்டி விரல விரிச்சு தாமரை மாதிரி நெஞ்சுக்கு முன்னால பிடியுங்க, மறுகா கால நீட்டி பச்சிமோத்தாசனம், குனிஞ்சு கால் விரலத் தொடுறது, தொட ஏலாட்டி முழங்காலத் தொடுங்க. முடிச்சிட்டு அண்டைக்கு ஆருக்காவது ஒரு நேரச் சாப்பாடு குடுத்தா அது இந்த ஆசனத்த விட லட்சுமிக்குப் பிடிக்கும் எண்டு நினைக்கிறன்.

சரஸ்வதிக்கு பிராமரி. நிமிந்து இருந்து, காதுத் துவாரத்துக்கு முன்னால உள்ள சின்ன மடலப் பெருவிரலால மெல்ல அமத்தி, மூக்கால எடுத்த மூச்ச வாய மூடினபடி ம் எண்டு இரைஞ்சு விடுறது, வண்டு இரையிற சத்தம். பல்லுக் கடிபடக் கூடாது. ஏழு தரம் செய்திட்டு கைய மடியில வச்சு சின்முத்திரை பிடிச்சு சகலகலாவல்லி மாலைய வாய்விட்டுப் பாடுங்க, குமரகுருபரர் பாடின பத்துப் பாட்டு, பள்ளிக்கூட வாணி விழாவில பாடிப் பாடி நமக்கெல்லாம் ஓரளவுக்குப் பாடம்தான். பிராமரிக்குப் பிறகு பாடினா குரல் இறங்கி வரும், செய்து பாத்தா தெரியும். ஓஎல், ஏஎல் எடுக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒண்ட மட்டும் சொல்லிக் குடுத்தாலும் போதும், படிக்கத் தொடங்க முதல் பத்து நிமிசம், போன் வேற அறையில.

குளிர்த்தி

இப்ப கடைசிப் பத்து நிமிசம். ஹடயோக பிரதீபிகையில எட்டுக் கும்பகம் சொல்லியிருக்கு, அதில ரெண்டு குளிர்ச்சிக்கு, சீதளியும் சீத்காரியும். இந்த ரெண்டும் நம்மட வழிபாட்டுக்கெண்டே வச்ச மாதிரி இருக்கும்.

சீதளிக்கு நாக்க வெளிய நீட்டி ரெண்டு ஓரத்தையும் மேல சுருட்டி குழல் மாதிரி ஆக்குங்க. அந்தக் குழலுக்குள்ளால மூச்ச ஆறுதலா உள்ளுக்க எடுங்க, நாக்கில ஒரு குளிர் ஓடும், அண்ணாக்கு வரைக்கும் போகும், காலையில வேப்பங்குச்சியால பல்லுத் தீட்டின ஆக்களுக்கு இன்னும் கூடத் தெரியும். நாக்க உள்ளுக்க எடுத்து வாய மூடி, மூக்கால மெல்ல விடுங்க, விடுற மூச்சு சூடா வாறத மேல் உதட்டில பிடிச்சுப் பாக்கலாம். அந்தச் சூட்டத்தான் இப்ப வெளிய விடுறம். ஒம்பது தரம். நாக்குச் சுருட்ட எல்லாராலயும் ஏலாது, அது சில பேருக்குப் பிறப்பிலயே வராது, கண்ணாடிக்கு முன்னால நிண்டு மல்லுக்கட்டத் தேவையில்ல. அந்த ஆக்களுக்கு சீத்காரி, மேல் பல்லும் கீழ் பல்லும் மெல்ல ஒட்ட, உதட்ட விரிச்சு, பல்லிடுக்கால ஸ் எண்டு மூச்ச எடுத்து மூக்கால விடுறது. பல்லுக் கூச்சம் உள்ள ஆக்களுக்கு இது சரிவராது, அவங்க மூக்காலயே எடுத்து நீளமா விட்டாலும் சரி.

கச்சான் காத்து அடிக்கிற வைகாசி, ஆனி வெக்கையில இதில உள்ள சுகம் சொல்லத் தேவையில்ல. மார்கழி வாடையில, அடைமழையில, தடிமன் இருமல் உள்ள நேரத்தில சீதளி வேண்டாம், அப்ப பிராமரிய இந்த இடத்தில வையுங்க. தொய்வு (ஆஸ்துமா) உள்ள ஆக்களும் பிரசர் குறைவான ஆக்களும் எந்த மாசமும் சீதளி செய்யாம விடுறது நல்லம்.

மறுகா சுவரோட குண்டிய ஒட்டி மல்லாக்கப் படுத்து கால ரெண்டையும் சுவர்ல மேல நீட்டி வையுங்க, மூண்டு நாலு நிமிசம். பிரசர் கூடின ஆக்களும் கண்ணில அழுத்தம் உள்ள ஆக்களும் கால மேல வைக்காம நேராப் படுங்க. அதுக்குப் பிறகு எல்லாரும் சவாசனம், மல்லாக்கப் படுத்து உடம்பத் தளர விட்டு அசையாமக் கிடக்கிறது. கடைசியில எழும்பி இருந்து, செம்பில உள்ள வேப்பிலைய எடுத்து அந்தத் தண்ணிய முதல் விளக்கடியில, மறுகா உச்சியில, கண்ணில, நெஞ்சில தெளியுங்க. கண்ணகை கோயில்ல பூசை செய்யிற கப்புகனார் தெளிக்கிற தண்ணி மேல பட்டா சனம் எப்பிடி முகத்தக் காட்டிக்கொண்டு நிக்கும், அப்பிடி வாங்குங்க. குளிர்த்திப் பாட்டு தெரிஞ்ச ஆக்கள் வீட்டில இருந்தா, அம்மம்மாமாருக்குத்தான் தெரியும், அவங்களப் பாடச் சொல்லுங்க, போன்ல போட வேண்டாம். முடிய ஒரு கிளாஸ் மோர், இல்லாட்டி இளநி. தயிர்ச் சட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர்ல மோருக்கு என்ன குறை.

நவராத்திரியில ஓட்டுற விதம்

முதல் மூண்டு நாள் துர்க்கை வரிசை, அடுத்த மூண்டு லட்சுமி, கடைசி மூண்டு சரஸ்வதி. இது சும்மா வச்ச ஒழுங்கில்ல, உடம்புக்கும் சரியா வரும், முதல் மூண்டு நாள் தொடையும் நாரியும் இறுகி நோகும், லட்சுமிட நாள்ல நீட்டி விடுறம், சரஸ்வதிட நாள்ல கிட்டத்தட்ட சும்மா இருக்கிறம். அதால நாலாம் நாள் நோ எண்டு விட்டிடாதீங்க, அந்த நாள்தான் உடம்பு ஆறுற நாள். விஜயதசமி அண்டைக்கு புது ஆசனம் ஒண்டும் வேண்டாம், பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குறதோட பிராமரியும் ஒண்டு சொல்லிக் குடுக்கலாம். கும்பத் தண்ணிய கால் படாத இடத்தில, மரத்தடியில ஊத்துங்க.

புரட்டாதியிலதான் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் தீப்பள்ளயமும், பாரதப் போர் மாதிரி பதினெட்டு நாள். அங்க தீ மிதிக்கிறதுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிற ஆக்கள் அந்த நாள்ல காளி வரிசைய விட்டிட்டு நாடிசுத்தியும் குளிர்த்தியும் மட்டும் செய்யிறது காணும், விரத உடம்புல மேல மேல சூடு ஏத்தக் கூடாது.

ஏலாத ஆக்களும் கேக்கிற கேள்விகளும்

வயித்தில பிள்ளை உள்ளவங்க காளி வரிசை, கால் மேல வைக்கிறது, மூச்சுப் பிடிக்கிறது ஒண்டும் செய்ய வேண்டாம், கிளினிக்கில கேட்டிட்டு இருந்தபடி பிராமரியும் பாட்டும் செய்யலாம். அம்மாள் வருத்தம் (அம்மை) வந்து மாறின ஆக்கள் களைப்பு முழுக்கப் போகும் வரைக்கும் சவாசனத்தோட இருங்க. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுற ஆக்கள் வெறும் வயித்தில நீளமாச் செய்ய வேண்டாம், தலை சுத்தும்.

துடக்கு நாள் எண்டா? சாமியறைக்குள்ள போறதும் விடுறதும் உங்கட வீட்டு முறை, அதில நான் தலையிடல்ல. ஆனா மூச்சுக்குத் துடக்கில்ல. வேற அறையில படுத்து, வயித்தில கைய வச்சு, நீளமா மூச்ச விட்டுக்கொண்டு அம்மாவ நினைக்கிறத எந்தத் தெய்வமும் வேண்டாம் எண்டு சொல்லாது, அந்த நோவுக்கும் அது ஆறுதல்.

தனியப் பழக ஏலாது, கிளாசுக்குப் போகோணும் எண்டு நினைக்கிற ஆக்கள் நோட்டீசப் பாத்து ஏமாறாதீங்க. மூண்டு நாள்ல குண்டலினிய எழுப்பித் தாறம் எண்டு சொல்லிக் காசு கேக்கிற இடத்துக்குப் போகவே தேவையில்ல. நல்ல டீச்சர் எண்டா முதல் நாள், ஆசனம் தொடங்க முதலே, முழங்கால் எப்பிடி, நாரி எப்பிடி, பிரசர் இருக்கா, ஒப்பரேசன் ஏதும் செய்ததா எண்டு ஒவ்வொராளிட்டயும் கேப்பாங்க. கேக்காட்டி நீங்களாச் சொல்லுங்க, சொன்ன பிறகும் அது பரவாயில்ல செய்யுங்க எண்டா அடுத்த நாள் போகாதீங்க.